அம்மாவுக்கு ஒரு கால் மணி நேரம்!

வீட்டிலேயே தேகப்பயிற்சி: யாருக்கு அவசியம்? எப்படிச் செய்வது? நிலைத்து நிற்க என்ன வழி?

சுவர் இருந்தால்தான் சித்திரம் வரைய முடியும். எல்லோருக்கும் தெரிந்த பழமொழி. ஆனால் சுவரைக் கவனிப்பவர்கள் எத்தனை பேர்?

புத்தாண்டு பிறக்கிறது. "நாளை முதல் தேகப்பயிற்சி செய்யப் போகிறேன்" என்று வீட்டுக்கு ஒருவர் சபதம் போடுகிறார். முதல் நாள் ஒரு மணி நேரம் குதிக்கிறார். இரண்டாம் நாள் தொடை வலிக்கிறது. மூன்றாம் நாள் மாடிப்படி இறங்க முடியவில்லை. பொங்கல் வருவதற்குள் சபதம் போன இடம் தெரியவில்லை!

சில வீடுகளில் ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து, நடப்பதற்கு என்றே ஒரு மெஷின் வாங்கி வைத்திருக்கிறார்கள். அதில் யார் நடக்கிறார்கள்? யாரும் இல்லை. மழைக்காலத்தில் அதன்மீது ஈரத் துணி காய்கிறது!

குறை எங்கே இருக்கிறது? ஆளிடம் இல்லை. மெஷினிடமும் இல்லை. தேகப்பயிற்சியைப் பார்க்கும் பார்வையில் இருக்கிறது.

அதைக் கசப்பு மருந்தாக நினைப்பது முதல் தவறு. வீட்டில் ஆண்பிள்ளை செய்தால் போதும் என்று விட்டுவிடுவது இரண்டாவது தவறு. இந்த இரண்டையும் திருத்திக்கொண்டால், மெஷினும் வேண்டாம், மாதச் சந்தாவும் வேண்டாம். ஒரு பாய் விரிக்கும் இடம் போதும்!

தோப்புக்கரணம் சொல்லும் பாடம்

பள்ளிக்கூடத்தில் பையன் வீட்டுக்கணக்குப் போடவில்லை. "போடு இருபது தோப்புக்கரணம்!" என்று கட்டளை பிறக்கிறது. பிந்தி வந்தானா? "மைதானத்தை மூன்று தடவை சுற்றி ஓடி வா!" இப்படித்தான் பல தலைமுறைகள் வளர்ந்தன.

உட்கார்ந்து எழுவதும் ஓடுவதும் தண்டனை என்று சின்ன வயதிலேயே மனதில் பதிந்துவிட்டது. பெரியவனான பிறகு, "உடம்பை வளைத்துப் பயிற்சி செய்" என்று டாக்டர் சொன்னால், மனம் எப்படி இசையும்?

அதே தோப்புக்கரணத்தைப் பிள்ளையார் சன்னதியில் போடுகிறவர்களைப் பாருங்கள். முகத்தில் வருத்தம் உண்டா? இல்லை. புன்னகையோடு போடுகிறார்கள். அதே கால், அதே முழங்கால், அதே தொடை. மனம்தான் வேறு!

தேகப்பயிற்சிக்கும் இதுவே பொருந்தும். விருப்பத்தோடு செய்தால் அது நாளைக்கும் நடக்கும். வெறுப்போடு செய்தால் இன்றோடு முடியும்.

தெருவில் பாண்டி ஆடும் சிறுமியைக் கவனியுங்கள். ஒற்றைக் காலில் தாவுகிறாள். குனிந்து சில்லு எடுக்கிறாள். திரும்பித் தாவுகிறாள். அரைமணி நேரம் ஆன பிறகும் அவளை வீட்டுக்குள் கூப்பிட நாலு தடவை குரல் கொடுக்க வேண்டியிருக்கிறது. அவள் செய்வது முதல்தரமான தேகப்பயிற்சி. ஆனால் அதை அவளிடம் சொல்லிவிடாதீர்கள். விளையாட்டு என்றே அவள் நினைத்துக்கொண்டிருக்கட்டும்!

கும்மியும் கோலாட்டமும் அப்படிப்பட்டவைதான். குனிந்து, நிமிர்ந்து, சுற்றி, கை தட்டி ஆடும் பெண்கள் யாரும் எத்தனை தடவை குனிந்தோம் என்று எண்ணுவதில்லை. பாட்டு இருக்கிறது. பக்கத்தில் தோழி இருக்கிறாள். களைப்பு தெரிவதில்லை.

ரேடியோவில் தேகப்பயிற்சி

ஜப்பான்காரர்கள் இந்த ரகசியத்தை வெகு காலத்துக்கு முன்பே கண்டுகொண்டார்கள்.

1928-ம் ஆண்டு, அந்நாட்டுத் தபால் துறையின் ஆயுள் இன்ஷூரன்ஸ் பிரிவு முன்னின்று ரேடியோவில் தேகப்பயிற்சியைத் தொடங்கியது. ஜனங்கள் நெடுநாள் வாழ்ந்தால் இன்ஷூரன்சுக்கும் லாபம்தானே! உலக யுத்தத்துக்குப் பிறகு இது சிறிது காலம் நின்றது. 1951-ல் புதிய இசையோடு மீண்டும் வந்தது. இன்றும் காலை 6-30 மணிக்கு அந்த ஒலிபரப்பு நடக்கிறது.

பியானோ வாசிக்கிறார்கள். அந்தத் தாளத்துக்கு ஏற்ப 13 அசைவுகள். மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகம். அவ்வளவுதான்! தாத்தா, பாட்டி, பேரன் எல்லோரும் சேர்ந்து செய்யலாம். கோடை விடுமுறையில் பள்ளிப் பிள்ளைகள் பூங்காவில் கூடிச் செய்வார்கள். வந்த பிள்ளையின் அட்டையில் ஒரு முத்திரை குத்துவார்கள். அந்த முத்திரைக்காகவே பிள்ளைகள் விடியற்காலையில் எழுந்து ஓடி வருவார்கள்!

2020-ல் கொரோனா நோய் உலகத்தையே வீட்டுக்குள் அடைத்தபோது இதே அதிசயம் இங்கிலாந்திலும் நடந்தது. ஜோ விக்ஸ் என்ற பயிற்சியாளர், மார்ச் 23 முதல் தம் வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டு யூடியூப் மூலம் அரைமணி நேரப் பயிற்சி நடத்தினார். பள்ளிகள் மூடியிருந்தன. பிள்ளைகளோடு பெற்றோரும் சேர்ந்து குதித்தார்கள். இரண்டாம் நாளிலேயே ஒரே சமயத்தில் ஒன்பதரை லட்சம் வீடுகளில் அதைப் பார்த்தார்கள்.

இசை, கூட்டம், சிரிப்பு. இந்த மூன்றும் இருந்தால் தேகப்பயிற்சி தானாக நடக்கும்.

மாடிப்படி காட்டிய உண்மை

"கொஞ்ச நேரம் கையைக் காலை அசைத்தால் என்ன வந்துவிடப் போகிறது?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு லண்டன் நகர பஸ்கள் பதில் சொல்லும்.

லண்டனில் மாடி வைத்த பஸ்கள் ஓடின. டிரைவர் நாள் முழுதும் உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மாடிக்கும் கீழுக்குமாக ஏறி இறங்கிக்கொண்டிருப்பார். இருவருக்கும் ஒரே கம்பெனி. ஏறக்குறைய ஒரே மாதிரியான வாழ்க்கை. ஆனால் நெஞ்சுவலி நோய் யாருக்கு அதிகம்?

ஜெர்ரி மோரிஸ் என்ற டாக்டர் இதை ஆராய்ந்தார். 1953-ல் முடிவை வெளியிட்டார். டிரைவர்களுக்கே இருதய நோய் அதிகம் என்று தெரிய வந்தது. கண்டக்டர்களைக் காப்பாற்றியது அந்த மாடிப்படிதான் என்று அவர் கருதினார். இந்த டாக்டர் சொன்னதோடு நிற்கவில்லை. தாமும் தேகப்பயிற்சி செய்துவந்தார். 99 வயது வரை வாழ்ந்து 2009-ல் காலமானார்!

கண்டக்டர் யாரும் ஜிம்முக்குப் போகவில்லை. சிறிது சிறிதாக ஏறினார், இறங்கினார். அவ்வளவே.

உலக சுகாதார ஸ்தாபனமும் இப்போது இதையே சொல்கிறது. முன்பெல்லாம், "தொடர்ந்து 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கு" என்று அது கூறி வந்தது. 2020-ல் அந்த விதியை எடுத்துவிட்டது. ஒரு நிமிடம் செய்தாலும் கணக்கில் சேரும்! பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உழைப்பு வேண்டும். வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்குப் பலம் தரும் பயிற்சி வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்குத் தினம் சராசரி ஒரு மணி நேர ஓடியாடல் வேண்டும். இவை அது தரும் அளவுகள்.

பெண்களே அதிகம்!

நம் நாட்டில் நிலைமை என்ன?

உலக சுகாதார ஸ்தாபனம் 2024-ல் ஒரு கணக்கை வெளியிட்டது. அது 2022-ம் ஆண்டு நிலவரம். இந்தியாவில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் போதுமான உடல் உழைப்பு இல்லை. ஆண்களில் 100-க்கு 42 பேர். பெண்களில் 100-க்கு 57 பேர்!

உடல் அசையாததன் பலன் என்ன? சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு, இருதய நோய் இவற்றுக்கு அது ஒரு முக்கிய காரணம். இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கும் அதிகம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ல் தெரிவித்தது.

பெண்களில் 57 பேர் என்றதும் சிலருக்கு ஒரு பதில் தயாராக இருக்கும். "அந்தக் காலத்தில் அம்மி அரைத்தார்கள். ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டினார்கள். உரலில் நெல் குத்தினார்கள். கிணற்றில் நீர் இறைத்தார்கள். நோய் இல்லாமல் இருந்தார்கள். கிரைண்டர் வந்தது, சோம்பல் வந்தது!"

கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் இது நியாயமா?

ஆட்டுக்கல்லின் முன் உட்கார்ந்து ஒரு படி அரிசியை ஆட்டி எடுத்தவளைக் கேட்டுப்பாருங்கள். தோள்பட்டை வலியும் இடுப்பு வலியும் அவளுக்குத்தான் தெரியும். கோயமுத்தூரில் செய்த மின்சாரக் கிரைண்டர் பெண்களுக்குக் கிடைத்த பெரிய விடுதலை. 2011-ல் தமிழக அரசு விலையில்லா மிக்சியும் கிரைண்டரும் கொடுக்கத் தொடங்கியபோது, ஏழை வீட்டுப் பெண்ணுக்கும் அந்த விடுதலை கிடைத்தது. அதைத் திருப்பிக் கொடு என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை!

மேலும் ஒன்று. அம்மி அரைத்தால்தான் ஆரோக்கியம் என்று பேசுகிற ஆண்களில் எத்தனை பேர் அம்மி அரைக்க முன்வருகிறார்கள்?

மிச்சமான நேரம் எங்கே போனது?

மெஷின் வந்ததால் நேரம் மிச்சமானது உண்மை. அந்த நேரம் பெண்ணுக்குக் கிடைத்ததா?

2019-ல் மத்திய அரசின் புள்ளிவிவரத் துறை நாடு முழுவதும் வீடு வீடாகச் சென்று, ஒரு நாளின் 24 மணி நேரத்தை யார் எப்படிச் செலவிடுகிறார்கள் என்று கணக்கெடுத்தது. சம்பளம் இல்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள், அதற்கு ஒரு நாளில் சராசரி 299 நிமிடம் செலவிட்டார்கள். ஏறக்குறைய ஐந்து மணி நேரம்! ஆண்களில் நூற்றுக்கு 26 பேர்தான் வீட்டு வேலையில் கை வைத்தார்கள். அவர்களும் செலவிட்டது 97 நிமிடமே.

"அப்படியானால் ஐந்து மணி நேர வேலையே தேகப்பயிற்சி ஆயிற்றே! தனியாக வேறு எதற்கு?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி.

வீடு பெருக்குவதும், துணி துவைப்பதும், தண்ணீர்க் குடம் தூக்குவதும் உடல் உழைப்புதான். டாக்டர்களும் அவற்றைக் கணக்கில் சேர்க்கிறார்கள். ஆனால் இன்றைய வீட்டு வேலையில் பெரும் பகுதி அடுப்படியில் நிற்பது, காய் நறுக்குவது, பாத்திரம் கழுவுவது. கால் கடுக்கிறது, இடுப்பு வலிக்கிறது. ஆனால் மூச்சு வாங்குவதில்லை. இருதயத்துக்கு வேலை இல்லை. உடம்பு ஒரே பக்கம் குனிகிறது. மறுபக்கம் நிமிர்வதே இல்லை. களைப்பு வேறு, பயிற்சி வேறு.

இன்னொரு வித்தியாசம் இதைவிடப் பெரிது. சமையல் வீட்டுக்காக. துவையல் பிள்ளைகளுக்காக. மாமியாருக்கு வெந்நீர், மாமனாருக்கு மாத்திரை. நாள் முழுவதும் அவள் கைகள் மற்றவர்களுக்காகவே அசைகின்றன. தேகப்பயிற்சி ஒன்றுதான் அவளுக்காகவே அவள் உடம்பு அசையும் நேரம். மகிழ்ச்சி அங்கேதான் பிறக்கிறது.

"இது என்ன கூத்து?"

ஆனால் அந்த நேரத்தை அவள் எப்படி எடுப்பாள்?

காலை ஆறு மணிக்கு ஒரு பெண்மணி கூடத்தில் நின்று கையை உயர்த்துகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். "இந்த வயசில் இது என்ன கூத்து?" என்கிறார் மாமியார். "அம்மா, என் சாக்ஸ் எங்கே?" என்கிறான் மகன். "காப்பி ஆறிவிட்டது, சுட வைத்துத் தா" என்கிறார் கணவர். உயர்த்திய கை இறங்கிவிடுகிறது!

கணவர் நடக்கப் போனால் யாரும் கேள்வி கேட்பதில்லை. "டாக்டர் சொல்லியிருக்கிறார்" என்று கதவைத் திறந்து விடுகிறார்கள். திரும்பி வந்ததும் காப்பி தயாராக இருக்கிறது. அதே டாக்டர் மனைவிக்கும் அதையேதான் சொல்லியிருக்கிறார்!

ஆகவே வீட்டுத் தேகப்பயிற்சி என்பது தனி ஒருத்தியின் மன உறுதியைப் பற்றிய விஷயம் மட்டுமல்ல. அது வீட்டில் வேலையைப் பங்கிடும் விஷயம். ஒரு கால் மணி நேரம் அவளைக் கூப்பிடாமல் இருக்க வேண்டும். இதுதான் குடும்பம் கொடுக்க வேண்டிய விலை. மலிவான விலைதானே?

இடம் போதுமா? நேரம் போதுமா?

"எங்கள் வீடு ஒரே அறை. எங்கே போய்ப் பயிற்சி செய்வது?" என்று பலர் சொல்கிறார்கள்.

கனடா நாட்டு விமானப் படைக்கும் இந்தச் சிரமம் வந்தது. விமானிகள் பலர் தொலைதூர முகாம்களில் இருந்தார்கள். அங்கே கருவிகள் இல்லை, கூடம் இல்லை. பில் ஆர்பன் என்ற நிபுணர் 1950-களின் பிற்பகுதியில் அவர்களுக்காக ஒரு திட்டம் வகுத்தார். ஐந்தே பயிற்சிகள். தினம் 11 நிமிடம். கருவி எதுவும் வேண்டாம். படுக்கைக்குப் பக்கத்திலேயே செய்யலாம். பிறகு பெண்களுக்காக 12 நிமிடத் திட்டம் ஒன்றும் வந்தது. அந்தச் சிறு புத்தகங்கள் உலகெங்கும் விற்பனையாயின.

நம் நாட்டு முறைகளும் அப்படித்தான். தண்டாலுக்கும் பஸ்கிக்கும் யோகாசனத்துக்கும் எத்தனை இடம் வேண்டும்? ஆள் கை காலை நீட்டும் அளவு போதும். ஒரு கோரைப் பாயின் அளவு!

கால் மணி நேரத் திட்டம்

இதோ, புதிதாகத் தொடங்குகிறவர்கள் செய்யக்கூடிய எளிய பயிற்சிகள். சுடிதார் வசதி. சேலை என்றால் சற்று உயர்த்திச் செருகிக்கொள்ளலாம். தரை ஈரமாக இருக்கக் கூடாது. ஜன்னலைத் திறந்து வையுங்கள். பிடித்த பாட்டு ஒன்றை வையுங்கள்.

1. நின்ற இடத்தில் நடை (3 நிமிடம்): முழங்காலை உயர்த்தி, கையை வீசி நடக்க வேண்டும். முதலில் மெதுவாக, பிறகு சற்று வேகமாக. உடம்பு சூடாகும்.

2. நாற்காலிப் பஸ்கி (2 நிமிடம்): நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும், ஜாக்கிரதை! கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழ வேண்டும். பத்து தடவை. தொடைக்கும் முழங்காலுக்கும் பலம்.

3. சுவர்த் தண்டால் (2 நிமிடம்): சுவரிலிருந்து ஒரு கை தூரம் தள்ளி நின்று, இரண்டு உள்ளங்கைகளையும் தோள் உயரத்தில் சுவரில் பதியுங்கள். முழங்கையை மடக்கி மார்பைச் சுவர் அருகே கொண்டுபோய், மீண்டும் தள்ளுங்கள். பத்து தடவை.

4. குதிகால் உயர்த்துதல் (2 நிமிடம்): சுவரைத் தொட்டுக்கொண்டு, முன்பாதத்தில் எழும்பி, மெதுவாக இறங்குங்கள். பதினைந்து தடவை.

5. தண்ணீர் பாட்டில் (2 நிமிடம்): ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. கைக்கு ஒரு பாட்டிலாகப் பிடித்து, தோளிலிருந்து தலைக்கு மேல் உயர்த்தி இறக்குங்கள். பத்து தடவை. காசு கொடுத்து இரும்பு குண்டு வாங்க வேண்டாம்!

6. ஒற்றைக் கால் (1 நிமிடம்): சுவருக்குப் பக்கத்தில் நின்று ஒரு காலைச் சிறிது தூக்குங்கள். பத்து வினாடி. பிறகு மறு கால்.

7. நீட்டி நிமிர்தல் (3 நிமிடம்): கைகளை மேலே கோத்து நிமிருங்கள். பக்கவாட்டில் வளையுங்கள். தோள்களைப் பின்னோக்கிச் சுழற்றுங்கள். பாயில் மல்லாந்து படுத்து, மூச்சை மெதுவாக இழுத்து விடுங்கள். முடிந்தது!

தினம் கால் மணி நேரம் என்றால் வாரத்துக்கு 105 நிமிடம். இன்னும் 45 நிமிடம் வேண்டும். கடைக்கு நடப்பதும், மொட்டை மாடியில் உலாவுவதும், பிள்ளையோடு கயிறு தாண்டுவதும் அதை நிரப்பிவிடும். சாப்பிட்ட பின் சிறிது நடந்தால் ரத்தத்தில் சர்க்கரை ஏறுவது மட்டுப்படும் என்பதும் நிரூபிக்கப்பட்ட உண்மை.

ஒற்றைக் காலில் ஒரு சோதனை

மேலே ஆறாவதாக உள்ள பயிற்சி விளையாட்டுப்போலத் தோன்றும். அது விளையாட்டல்ல.

பிரேசில் நாட்டில் 51 முதல் 75 வயது வரை உள்ள 1,702 பேரிடம் ஒற்றைக் காலில் பத்து வினாடி நிற்கச் சொன்னார்கள். ஐந்தில் ஒருவரால் முடியவில்லை. பிறகு சுமார் ஏழு ஆண்டுகள் கவனித்தார்கள். நிற்க முடியாதவர்களிடையே மரணம் அதிகமாக இருந்தது. 2022-ல் இந்த ஆய்வு வெளியானது. ஒற்றைக் காலில் நிற்காததால் சாவு வந்துவிடும் என்பது இதன் பொருளல்ல. உடம்பு தளர்ந்துவிட்டது என்பதற்கு அது ஓர் அடையாளம்.

வயதானவர்களுக்குப் பெரிய ஆபத்து கீழே விழுவதுதான். குளியலறையில் ஒரு வழுக்கல், இடுப்பெலும்பு முறிவு, பிறகு படுக்கை. எத்தனை வீடுகளில் நடக்கிறது! அதனால்தான் 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது உடலின் சமநிலைக்கும் பலத்துக்கும் பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம்.

"எனக்கு வயதாகிவிட்டது. இனிமேல் என்ன?" என்று பாட்டி சொன்னால், அவரிடம் அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனையைச் சொல்லுங்கள். பாஸ்டன் நகரில், முதியோர் இல்லத்தில் இருந்த சுமார் 90 வயதுக்காரர்கள் பத்துப் பேருக்கு டாக்டர்கள் கால் தசைப் பயிற்சி கொடுத்தார்கள். எட்டே வாரம். பயிற்சியை முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்துவிட்டது! 1990-ல் வந்த செய்தி இது. தொண்ணூறு வயதிலும் தசை கற்றுக்கொள்கிறது. அறுபது வயதில் கற்காதா?

அளவோடு செய்க!

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. செல்போனைத் திறந்தால், "முப்பதே நாளில் தொப்பை கரையும்!" என்று ஆசை காட்டும் படங்கள் ஆயிரம். நம்பாதீர்கள். வயிற்றுப் பயிற்சி செய்தால் வயிற்றுத் தசை பலப்படும். வயிற்றுக் கொழுப்பு மட்டும் தனியாகக் கரைந்துவிடாது. எடை குறைவது ஒன்றையே நினைத்துச் செய்கிறவர், ஒரு மாதத்தில் மனம் உடைந்து விட்டுவிடுவார்.

சரியான வேகம் எது? டாக்டர்கள் ஓர் எளிய வழி சொல்கிறார்கள். பயிற்சியின்போது உங்களால் பேச முடிய வேண்டும். ஆனால் பாட முடியக் கூடாது! பாட முடிந்தால் வேகம் போதாது. பேசவே முடியவில்லை என்றால் புதியவர்களுக்கு அது அதிகம்.

நெஞ்சில் வலி, தலைசுற்றல், அதிக மூச்சுத்திணறல் வந்தால் உடனே நிறுத்துங்கள். டாக்டரைப் பாருங்கள். இருதய நோய், ரத்தக் கொதிப்பு உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர்களும் டாக்டரைக் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது. வயிறு நிறையச் சாப்பிட்டதும் பயிற்சி செய்யக் கூடாது.

ஒரு நாள் தவறினால்?

பழக்கம் ஆவதற்கு எத்தனை நாள் பிடிக்கும்? லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்றில் இதையும் ஆராய்ந்தார்கள். ஒரு புதிய செயல் தானாக நடக்கும் பழக்கமாக மாற, சராசரி 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளே போதும். சிலருக்கு 200 நாளுக்கு மேல்!

அந்த ஆய்வில் ஆறுதலான செய்தி ஒன்றும் உண்டு. இடையில் ஒரு நாள் தவறிவிட்டால் பழக்கம் கெட்டுவிடவில்லை. ஆகவே விருந்தாளி வந்த நாளிலோ, காய்ச்சல் வந்த நாளிலோ பயிற்சி நின்றுபோனால் கவலைப்பட வேண்டாம். மறுநாள் பாயை விரியுங்கள். "எல்லாம் போய்விட்டது" என்று நினைக்கிற நாளில்தான் எல்லாம் போகிறது.

தினம் செய்கிற ஒரு வேலையோடு சேர்த்துவிட்டால் நினைவு வைப்பது சுலபம். வாசலில் கோலம் போட்டு முடித்ததும் பயிற்சி. அல்லது பிள்ளைகள் பள்ளிக்குப் போனதும் பயிற்சி. அல்லது மாலையில் விளக்கு ஏற்றுவதற்கு முன் பயிற்சி. நேரம் எதுவானாலும் சரி, ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள்.

சுவரில் தொங்கும் காலண்டரில், பயிற்சி செய்த நாளில் ஒரு வட்டம் போடலாம். ஜப்பான் பிள்ளைகளின் முத்திரைபோல! அந்த வட்டத்தைப் போடும் உரிமையை வீட்டில் உள்ள கடைக்குட்டிக்குக் கொடுத்துப் பாருங்கள். யார் ஏமாற்றினாலும் அவன் விடமாட்டான்.

வீட்டாரின் பங்கு

எல்லோரும் சேர்ந்து செய்வது மிக நல்லது. ஞாயிற்றுக்கிழமையாவது அப்பா, அம்மா, பிள்ளைகள், தாத்தா, பாட்டி எல்லோரும் ஒரே நேரத்தில் கூடத்தில் நிற்கலாம். யார் ஒற்றைக் காலில் அதிக நேரம் நிற்கிறார்கள் என்று போட்டி வைக்கலாம். தாத்தா தடுமாறுவார், பேரன் சிரிப்பான். பிறகு பேரன் தடுமாறுவான், தாத்தா சிரிப்பார். வீடு கலகலப்பாகும்.

மற்ற ஆறு நாளும்? அம்மாவுக்கு அந்தக் கால் மணி நேரத்தைப் பெற்றுத் தர வேண்டியது மற்றவர்கள் பொறுப்பு. அப்பா காப்பி கலக்கக் கற்றுக்கொள்ளட்டும். பால் பொங்கி வழிந்தால் உலகம் மூழ்கிவிடாது! மகன் தன் சாக்ஸை இரவே எடுத்து வைக்கட்டும். மகள் தண்ணீர் பாட்டிலை நிரப்பட்டும். ஆனால் எல்லா வேலையும் மகள் தலையில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவளுக்கும் பயிற்சி வேண்டும். மாமியார் கேலி செய்வதை விட்டு, பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து எழட்டும்.

அம்மா நோயில் விழுந்தால் ஒரு வீடு என்ன பாடுபடும் என்று எல்லோருக்கும் தெரியும். அடுப்பு எரியாது. பிள்ளை பள்ளிக்குப் போகாது. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைச்சல், மருந்துக்குக் கடன். அப்போது எல்லோரும் அவளுக்காக நாள் கணக்கில் நேரம் ஒதுக்குவார்கள். அதை இப்போதே, நிமிடக் கணக்கில் ஒதுக்கக் கூடாதா?

இன்று இரவு சாப்பிட உட்காரும்போது இதை வீட்டில் பேசுங்கள். நாளைக் காலை எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை அம்மாவை யாரும் கூப்பிடக் கூடாது என்று முடிவு செய்யுங்கள். அந்த நேரத்தில் அடுப்பை யார் பார்த்துக்கொள்வது என்றும் இப்போதே பெயர் சொல்லிவிடுங்கள்!